சிகரெட்டை நிறுத்த போனைத் தயார் செய்வது எப்படி: மூன்றாவது முயற்சியில் தப்பித்தவனின் குறிப்புகள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை எனக்கு. 16 வருடம் தம் அடித்தேன். கடைசியில் ஒரு நாளைக்கு 14 என்று வந்து நின்றது, ஷிப்மெண்ட் நெருங்கினால் 20. முதல் தடவை நிறுத்தப் பார்த்தபோது ஒரு ஆப்பை இறக்கினேன். சிகரெட் நிற்கவில்லை, சந்தா என்ற பெயரில் எனக்குத்தான் ஆப்பு வைத்தது. இரண்டாவது தடவை ஐம்பது நாள் ஓட்டி, ஒரே இரவில் கவிழ்ந்தேன். மூன்றாவது தடவை நின்றுவிட்டது. இதே வழியில் போகப்போகிறவர்கள் நான் விழுந்த குழிகளில் விழ வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் செலவும் நேரமும். இங்கே சொல்லும் அரசு சேவைகள் எல்லாமே இலவசம். ஆப்பும் இலவசப் பதிப்பே போதும். பணம் போவது நிகோடின் சூயிங்கத்துக்கு மட்டும்தான். எனக்கு 11 வாரத்தில் 4,000 ரூபாய்க்குச் சற்று மேல் ஆனது. ஏற்பாட்டுக்கு 10 நாள், கடினமான காலம் 3 வாரம், பிறகு சில மாதங்களுக்கு அவ்வப்போது தலைகாட்டும் ஆசை. இப்படி மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. நாளைக்கே நிறுத்தாதீர்கள், 10 நாள் எண்ணுங்கள்

எல்லோரும் தவிர்க்கும் படி இதுதான். நானும் முதல் இரண்டு தடவை தவிர்த்தேன். இந்த 10 நாளும் வழக்கம்போல் பிடியுங்கள், ஆனால் பற்றவைப்பதற்கு முன்னால் போனில் ஒரு வரி எழுதுங்கள்: மணி, இடம், கூட யார், எதற்காக. தனி ஆப் தேவையில்லை. வாட்ஸப்பில் உங்களுக்கு நீங்களே மெசேஜ் அனுப்பிக்கொள்ளலாம். பிடித்த பிறகு எழுதலாம் என்று விட்டால் மறந்துவிடும்.

என் கணக்கு எனக்கே ஆச்சரியமாக இருந்தது. 14-ல் உடம்பு உண்மையாகவே கேட்டது 5 தான். 4 டீயோடு வந்தவை. 3 டையிங் யூனிட்காரரோடு போனில் பேசும்போது, அதுவும் வாசலுக்கு வந்து நடந்துகொண்டே. மீதி 2 சும்மா நின்றதற்காக. நிறுத்தும் திட்டம் முழுவதும் இந்தப் பட்டியலிலிருந்துதான் வரும், அதனால் இதில் சோம்பல் படாதீர்கள்.

இன்னொன்றையும் மறக்காமல் குறியுங்கள்: காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் தம்? 30 நிமிடத்துக்குள் என்றால் நிகோடின் பிடி பலமாக இருக்கிறது என்று பொருள். மருந்தின் அளவை முடிவு செய்ய இந்த ஒரு எண் தேவைப்படும். எனக்கு 20 நிமிடம். பல் விளக்குவதற்கு முன்னாலேயே.

2. ஆப்புக்கு முன்னால் ஒரு மனிதக் குரல்: 1800-11-2356

இந்த எண்ணை நீங்கள் தினமும் பையில் வைத்துக்கொண்டுதான் திரிகிறீர்கள். 2018 செப்டம்பரிலிருந்து சிகரெட் அட்டையில் எச்சரிக்கைப் படத்தோடு அச்சாகி வருகிறது. லூஸில் ஒன்றிரண்டாக வாங்குகிறவர் கண்ணில் படாது, அவ்வளவுதான். மத்திய அரசின் தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் இது. டெல்லியில் உள்ள வல்லபபாய் படேல் மார்பு நோய் நிலையத்தில் 2016-ல் தொடங்கியது. பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ், மும்பை டாடா மெமோரியல், குவாஹாட்டி புற்றுநோய் மருத்துவமனை ஆகிய இடங்களிலும் மையங்கள் வந்தன. தமிழில் பேசலாம். கட்டணம் இல்லை.

நேரம் முக்கியம். காலை 8 முதல் இரவு 8 வரை, திங்கள்கிழமை விடுமுறை. இதைக் கவனிக்காமல் ஞாயிறு நிறுத்தி, திங்கள் தவித்து, போன் அடித்தால் எடுக்க ஆளில்லை என்று திட்டிக்கொண்டு கடைக்குப் போன ஆள் நான். நிகோடின் இல்லாத தவிப்பு உச்சத்துக்குப் போவது இரண்டாவது, மூன்றாவது நாளில். அந்த இரண்டு நாளும் லைன் திறந்திருக்கும்படி தேதி குறியுங்கள். புதன்கிழமை நிறுத்துவது என் சிபாரிசு. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் கூப்பிட ஆள் இருக்கும். அடுத்த திங்கள் வரும்போது ஆறாவது நாள் ஆகியிருக்கும்.

ஆதார், ரேஷன் கார்டு எதுவும் என்னிடம் கேட்கவில்லை. வயது, ஊர், எத்தனை வருடப் பழக்கம், ஒரு நாளைக்கு எத்தனை, வேறு நோய் உண்டா, முன்பு நிறுத்திப் பார்த்திருக்கிறீர்களா என்பதுபோல் கேட்டார்கள். அந்த 10 நாள் கணக்கு இங்கேதான் கைகொடுத்தது. 20 நிமிடம் ஒதுக்கி, தறி சத்தமோ ரோட்டுச் சத்தமோ இல்லாத இடமாகப் பார்த்து உட்காருங்கள். நான் முதலில் கட்டிங் செக்‌ஷனில் நின்றுகொண்டு பேசப் போய், பாதியில் வைத்துவிட்டேன்.

அடுத்து ஒரு பொறி. நிறுத்துவதாகப் பதிவு செய்தால் அவர்களே திரும்ப அழைத்து விசாரிப்பார்கள். வருவது தெரியாத வெளியூர் எண்ணாக இருக்கும். லோன் வேண்டுமா என்று கேட்கிறவன் என்று நினைத்து நாம் கட் செய்துவிடுவோம். ஸ்பேம் தடுக்கும் ஆப் வைத்திருப்பவருக்கு மணியே அடிக்காமல் போகலாம். அந்த ஒரு மாதம் மட்டும் தெரியாத எண்ணையும் எடுங்கள். லோன்காரனிடம் ஒரு தடவை வேண்டாம் என்று சொல்வதால் ஒன்றும் குறைந்துவிடாது.

3. மிஸ்டு கால்: 011-22901701

இந்த எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் எஸ்எம்எஸ் வழியாகக் கேள்விகளும் பிறகு தினசரிக் குறிப்புகளும் வரும். சுகாதார அமைச்சகம், உலக சுகாதார நிறுவனம், சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் மூன்றும் சேர்ந்து கொண்டுவந்த எம்-செசேஷன் திட்டம் அது. பட்டன் போனிலும் வேலை செய்யும். ஒரு நாள் காத்திருந்தும் எஸ்எம்எஸ் வரவில்லை என்றால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், மேலே சொன்ன இலவச எண்ணுக்குப் போய்விடுங்கள். இன்பாக்ஸில் விளம்பரக் குப்பைக்கு நடுவே இதுவும் புதைந்துபோகும் என்பதால், முதல் மெசேஜ் வந்ததும் அதைப் பின் (pin) செய்து மேலே வையுங்கள்.

4. ஆப் தேர்வு செய்வது

பிளே ஸ்டோரில் தேடினால் நூறு வரும். பெரும்பாலும் ஆங்கிலம். பெரும்பாலும் ஒரே மாதிரி: எத்தனை நாள் ஆச்சு, எவ்வளவு காசு மிச்சம், நுரையீரல் எத்தனை சதவீதம் தேறியது. ஸ்மோக் ஃப்ரீ, க்விட் நவ் இரண்டும் உலகம் முழுக்கப் பரவலானவை. உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசிய அலுவலகம் 2022-ல் க்விட் டொபாக்கோ என்று ஒரு இலவச ஆப் வெளியிட்டது. சிகரெட்டோடு வாயில் அடக்கும் புகையிலையையும் சேர்த்து யோசித்தது அது. நம் ஊர்ப் பழக்கத்துக்குப் பொருந்தும்.

பெயரைவிட நான்கு விஷயங்களைப் பார்த்து எடுங்கள்.

ஆசை வந்த நொடியில் அழுத்த ஒரு பட்டன் முகப்பிலேயே இருக்கிறதா? தம் கேட்கும்போது மூன்று மெனுவைத் தாண்டி உள்ளே போகிற பொறுமை எவனுக்கும் இருக்காது. ஆசை என்பது அலை மாதிரி, நான்கைந்து நிமிடத்தில் தானே இறங்கிவிடும். அந்த நான்கைந்து நிமிடத்தில் கைக்கு ஒரு வேலை கொடுப்பதைத்தான் ஆப்பிடம் எதிர்பார்க்கலாம்.

ஒரு தம் பிடித்துவிட்டேன் என்று சொன்னால் என்ன செய்கிறது? நிறைய ஆப்கள் கணக்கைப் பூஜ்யமாக்கிவிடும். என் இரண்டாவது முயற்சி செத்தது அப்படித்தான். 51-வது நாள், பையர் ஒரு ஆர்டரைக் கேன்சல் செய்த இரவு, ஒன்றே ஒன்று பிடித்தேன். காலையில் நேர்மையாக ஆப்பில் பதிந்தேன். 51 போய் 0 வந்தது. 51 நாளும் நான் பட்ட பாட்டை அது துடைத்துப் போட்டது போல இருந்தது. அன்று மத்தியானமே ஒரு பாக்கெட். அதனால் நிறுவிய உடனே, நிறுத்தும் தேதிக்கு முன்னாலேயே, சோதனைக்கு ஒரு சறுக்கலைப் பதிந்து பாருங்கள். தேதி அப்படியே நின்று, சறுக்கல் தனியாகப் பதிவானால் வைத்துக்கொள்ளுங்கள். பூஜ்யமாக்கினால் தூக்குங்கள்.

நெட் இல்லாமல் திறக்கிறதா? நம்ம குடோனில் சிக்னல் கிடையாது, ஆனால் ஆசை அங்கேதான் வரும்.

என்னென்ன அனுமதி கேட்கிறது? காண்டாக்ட் பட்டியல், கேலரி எல்லாம் இந்த வேலைக்கு எதற்கு? மறுத்துவிடுங்கள். இருப்பிடத்தை மட்டும் சில ஆப்கள் நல்ல காரணத்துக்காகவே கேட்கும், நீங்கள் வழக்கமாகப் பிடிக்கும் இடத்தை நெருங்கினால் எச்சரிக்க. விருப்பம் இருந்தால் கொடுங்கள்.

எதிர்பார்ப்பை இங்கேயே சரிசெய்துகொள்வது நல்லது. 2020-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில் 2,415 பேரை வைத்து இரண்டு ஆப்களை ஒப்பிட்டார்கள். ஓராண்டு முடிவில், அதற்கு முந்தைய 30 நாளும் புகைக்காமல் இருந்தவர்கள் ஐகேன்க்விட் என்ற ஆப்பில் 100-க்கு 28 பேர், இன்னொன்றில் 21 பேர். நன்றாகச் செய்த ஆப்பிலேயே நான்கில் மூன்று பேர் அளவுக்கு நிற்கவில்லை. ஜெயித்த அந்த ஆப்பின் வழியும் கவனிக்கத்தக்கது. ஆசையை எதிர்த்து மல்லுக்கு நிற்காதே, வந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிரு, போகட்டும் என்று பழக்குவது அது.

5. சந்தாப் பொறி

"7 நாள் இலவசம்" என்று கார்டையோ யுபிஐ-யையோ கேட்டால் அங்கேயே நில்லுங்கள். நான் கொடுத்தேன். மூன்றாம் நாள் வெறுத்துப்போய் ஆப்பை அழித்தேன், விட்டது சனி என்று நினைத்தேன். எட்டாம் நாள் ஒரு வருடச் சந்தா மொத்தமாகப் போயிற்று. ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, பேமெண்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் உள்ளே போய் ரத்து செய்ய வேண்டும். உங்கள் யுபிஐ ஆப்பில், தானாகப் பணம் போக அனுமதி தந்திருக்கும் ஆட்டோபே பகுதியையும் ஒரு தடவை பாருங்கள். பணம் போய்விட்டால் 48 மணி நேரத்துக்குள் கூகுளிடம் திரும்பக் கேட்கலாம். நான் பார்த்தது ஒரு வாரம் கழித்து.

இலவசப் பதிப்பில் எல்லாமே கிடைக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் காசு கொடுத்தால்தான் திறக்கும் விஷயங்கள் பெரும்பாலும் அலங்காரம்.

6. மருந்து: சூயிங்கத்தை மெல்லாதீர்கள்

மன உறுதி போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. சிலருக்குப் போதும். எனக்குப் போதவில்லை, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பேசும் ஆளும் மருந்தும் சேர்ந்து இருந்தால் வாய்ப்பு கூடும் என்பதுதான் மருத்துவர்கள் சொல்வது.

நிகோடின் சூயிங்கம் 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என இரண்டு அளவில் வருகிறது. 2 மில்லிகிராம் வில்லை மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் கிடைக்கும். 4-க்கு மருத்துவர் சீட்டு வேண்டும். காலை 30 நிமிடத்துக்குள் முதல் தம் பிடிப்பவருக்கு 4 என்பது பொது விதி, அதனால்தான் முதல் படியில் அந்த நிமிடக் கணக்கைக் கேட்டேன். நான் வாங்கியபோது 10 வில்லை கொண்ட அட்டை 100 ரூபாயை ஒட்டி இருந்தது. ஊருக்கும் பிராண்டுக்கும் தகுந்தபடி மாறும். பெட்டிக்கடையில் தனி வில்லையாக விற்பதை வாங்க வேண்டாம், காலாவதித் தேதி தெரியாது.

இனி மெல்லும் முறை. முதல் முயற்சியில் நான் பபிள்கம் மாதிரி சவைத்துத் தள்ளினேன். தொண்டை எரிச்சல், விக்கல், குமட்டல். இது நமக்கு ஆகாது என்று தூக்கிப் போட்டேன். தப்பு என்னுடையது. மெதுவாகச் சில தடவை கடித்து, காரமாகச் சுருக்கென்று வந்ததும் நிறுத்தி, வெற்றிலையை ஒதுக்குகிற மாதிரி கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே அடக்கிக்கொள்ள வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி கொஞ்சம் கடித்து, இடம் மாற்றி அடக்க வேண்டும். ஒரு வில்லை அரை மணி நேரம் ஓடும். நிகோடின் வாயின் தோல் வழியாகப் போக வேண்டும். எச்சிலோடு விழுங்கினால் வயிற்றுக்குத்தான் தொல்லை.

போடுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்து காபி, ஜூஸ், சோடா எதுவும் கூடாது, வாயில் அடக்கியிருக்கும்போதும் கூடாது. புளிப்பான எதுவும் நிகோடின் ஏறுவதைத் தடுக்கும். டீ குடித்த கையோடு வாயில் போட்டுவிட்டு "வேலையே செய்யலை" என்று சொல்பவர்கள்தான் அதிகம்.

அளவு: முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணிக்கு ஒன்று, பிறகு இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் 12 வாரத்தில் முடிப்பது என்று அட்டையில் இருக்கும். ஒரு நாளைக்கு 24 வில்லைக்கு மேல் போகக்கூடாது. காசை மிச்சப்படுத்த முதல் வாரத்திலேயே குறைக்காதீர்கள். நான் ஒரு நாளைக்கு 8-ல் தொடங்கினேன்.

மாரடைப்பு வந்து மீண்டவர், கர்ப்பிணி, தாடை வலி உள்ளவர் எல்லாம் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். வெரனிக்ளின், புப்ரோபியான் போன்ற மாத்திரைகளும் உண்டு, அவை மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும். மருத்துவரைப் பார்க்க லீவு கிடைக்காதவர்கள் இ-சஞ்சீவனி ஆப்பை இறக்கலாம். மொபைல் எண்ணும் ஓடிபியும் போதும், வீடியோவில் அரசு மருத்துவர் வருவார், சீட்டு போனிலேயே வந்துவிடும், இலவசம். நேரில் போக முடிந்தால் அரசு மருத்துவமனைகளிலும் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் புகையிலை நிறுத்த மையம் இருக்கிறதா என்று ஓபி சீட்டு போடும் இடத்தில் கேளுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் மையம் பழையது, அனுபவம் உள்ளது. காலையிலேயே போய்விடுங்கள்.

ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர் இதையும் கவனிக்க வேண்டும். சிகரெட் புகை ஈரலை வேகமாக வேலை செய்ய வைத்து, சில மருந்துகளைச் சீக்கிரம் கரைத்துவிடும். நிறுத்தியதும் அந்த வேகம் குறைந்து, அதே மாத்திரை உடம்பில் கூடுதலாகத் தங்கும். மனநல மருந்துகளில் சில, ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். இன்சுலின் போடுகிறவரும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். காஃபினுக்கும் இதே கதைதான். நிறுத்திய முதல் வாரம் படபடப்பு, தூக்கமின்மை எல்லாவற்றையும் நிகோடின் கணக்கில் எழுதிவிடுவோம். பாதி குற்றவாளி டீ. வழக்கமாக 6 டீ என்றால் 3 ஆக்குங்கள். இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் இரண்டு இரவுத் தூக்கம் மிச்சமாகியிருக்கும்.

7. நிறுத்தும் நாளுக்கு முதல் நாள் போனில் செய்ய வேண்டியவை

ஹோம் ஸ்கிரீனில் ஆப் முதல் வரிசையில் இருக்க வேண்டும். 1800-11-2356 ஸ்பீடு டயலில். அதற்குப் பக்கத்தில் 14416. டெலி-மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழில் கிடைக்கும். சிகரெட்டுக்கென்று தனியாக இருப்பதல்ல, ஆனால் நிறுத்திய பின் மனசு கனத்துப்போய் இரவு 2 மணிக்கு விழித்துக்கொண்டிருப்பவருக்கு அந்த நேரத்தில் வேறு யார் போன் எடுப்பார்கள்?

உங்கள் 10 நாள் பட்டியலைப் பார்த்து, அந்த நேரங்களுக்கு ஐந்து நிமிடம் முன்னதாக அலாரம் வையுங்கள். என்னுடையவை காலை 6:15, 10:30, மாலை 4:10. அலாரத்துக்குப் பெயர் கொடுக்கலாம். 10:30-க்கு நான் வைத்த பெயர் "சுக்குக் காபி".

இப்போது மிக முக்கியமான ஏற்பாடு. நான் இரண்டு வருடம் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறேன். 48 நாள் ஒரு தம் கிடையாது, பெரிய தவிப்பும் கிடையாது. மலை இறங்கி மாலையைக் கழற்றி, கம்பம் பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் கையில் சிகரெட். நம்மில் பல பேருக்கு இது தெரிந்த கதை. விரதத்தில் முடிந்தது ஏன் வெளியே முடியவில்லை என்று ரொம்ப நாள் யோசித்தேன். பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும். கழுத்தில் மாலையைப் பார்த்ததும் டீக்கடை மாஸ்டர் முதல் பாஸ் வரை "சாமி" என்று கூப்பிடுகிறார்கள். எவனும் சிகரெட் நீட்டுவதில்லை. தெருவே காவல் காக்கிறது. ஆப் பையில் இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும், அதனால் ஏமாற்றவும் எளிது.

அதனால் மூன்றாவது தடவை ஒரு சின்ன வாட்ஸப் குரூப் போட்டேன். வீட்டுக்காரம்மா, தம்பி, கூட வேலை செய்யும் ஒரு செக்கிங் சூப்பர்வைசர், நான். தினமும் இரவு 9 மணிக்கு ஆப்பின் ஸ்கிரீன்ஷாட் போட வேண்டும். 9:15 ஆகியும் வரவில்லை என்றால் யாராவது ஒருவர் போன் செய்ய வேண்டும். மெசேஜ் இல்லை, போன். அறிவுரை சொல்லக்கூடாது என்றும் முன்பே பேசிக்கொண்டோம். டீக்கடையிலும் சொல்லிவைத்தேன். மாஸ்டர் முதல் நாள் சிரித்தார், நான்காம் நாள் அவரே "ஏனுங் சார், எத்தனாவது நாளுங்க இன்னிக்கு?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே இரண்டு தடவை கையை இழுத்துக்கொண்டிருக்கிறேன்.

குரூப்பில் நான்கைந்து பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். பெரிய குரூப் என்றால் காலையில் குட்மார்னிங் பூப்படம் வர ஆரம்பித்துவிடும்.

8. முதல் மூன்று வாரம்

தலைவலி, எரிச்சல், பசி, மலச்சிக்கல், கவனம் சிதறுவது எல்லாம் வரும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் அடங்கும். ஒரு வாரம் கழித்து இருமல் கூடுவதும் உண்டு. பயந்துபோய் "விட்டதால்தான் இருமுது" என்று திரும்பப் பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் மருத்துவரிடம் காட்டுங்கள், சளிப் பரிசோதனைக்குச் சொன்னால் தட்டாமல் செய்யுங்கள்.

இந்த நாட்களில் நலம் விரும்பிகள் மாற்று வழி சொல்வார்கள். இ-சிகரெட் வேண்டாம். 2019 சட்டப்படி இந்தியாவில் அதன் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாமே தடை. இன்ஸ்டாகிராமில் விற்கிறவன் தருவதில் என்ன இருக்கிறது என்று அவனுக்கே தெரியாது. மூலிகை சிகரெட்டும் புகைதான். சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று புகையிலைப் பொட்டலத்தை உதட்டில் வைப்பது வீட்டை மாற்றிக் குடியேறுவது மாதிரி, வாடகை அதேதான்.

9. சறுக்கினால்

ஒரு தம் பிடித்துவிட்டால் மீதிப் பாக்கெட்டைத் தண்ணீரில் நனைத்துக் குப்பையில் போடுங்கள். யாருக்காவது கொடுத்தால் மறுநாள் அவரிடமே போய் நிற்போம். ஆப்பில் சறுக்கல் என்று பதியுங்கள். குரூப்பில் சொல்லுங்கள். மறுநாள் காலை இலவச எண்ணுக்கு அழைத்து எந்த நேரத்தில், யாரோடு இருந்தபோது நடந்தது என்று பேசுங்கள். எனக்கு 26-வது நாள் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் நடந்தது. வாரக் கடைசி விசேஷங்களில் பந்தி முடிந்ததும் கிளம்பிவிட வேண்டும் என்று அன்றைக்கு ஒரு விதி சேர்த்தேன். நாள் கணக்கு நிற்கவில்லை.

10. வீட்டுப் பெரியவர்களுக்கு ஏற்பாடு செய்வதானால்

எங்கப்பா தாராபுரம் பக்கத்தில் இருக்கிறார். பீடி, தினமும் ஒரு கட்டு. போன் பட்டன் போன். அவருக்கு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்து ஆப் பழக்கலாம் என்று நான் போட்ட திட்டம் அரை நாளில் முடிந்தது. "எழுத்து எறும்பாட்ட இருக்குதப்பா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். உதவி எண்ணைப் போட்டுக் கொடுத்ததும் நன்றாகவே பேசினார். குரலில் பழகுகிறவர்களுக்குக் குரல்தான் சரி. ஆனால் நீங்கள் பக்கத்தில் உட்காராதீர்கள். மகன் எதிரில் அவர் "மூணு நாலு பீடிதானுங்க" என்றுதான் சொல்வார். அவர் சம்மதம் இல்லாமல் அவர் எண்ணைப் பதிவு செய்வதும் வீண். அழைப்பு வரும்போது நம்மைத்தான் திட்டுவார். அப்பா இன்னும் முழுதாக விடவில்லை, கட்டு பாதியாகியிருக்கிறது.

11. காசு, காப்பீடு, காகிதம்

ஆப்பில் மிச்சக் கணக்கு போடும்போது உங்கள் பிராண்டின் இன்றைய விலையைப் போடுங்கள். ஒன்று 15 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 14 பிடித்த எனக்கு மாதம் 6,300. சூயிங்கம் செலவு முதல் மாதத்திலேயே கழிந்துவிட்டது. அந்தப் பணத்தை ஆப்பில் எண்ணாக விடாமல் தனி ரெக்கரிங் டெபாசிட்டில் போட்டுவிட்டேன்.

டேர்ம் இன்ஷூரன்ஸ் எடுக்க நினைப்பவர்களுக்கு: புகைக்காதவர் பிரீமியம் கிடைக்க, பெரும்பாலும் கடந்த 12 மாதம் புகையிலையே தொட்டிருக்கக்கூடாது என்று கேட்பார்கள். ஆப்பின் ஸ்கிரீன்ஷாட் அங்கே சான்று ஆகாது. நிகோடின் உடம்புக்குள் போனபின் அதிலிருந்து உண்டாகும் கோட்டினின் என்ற பொருள் ரத்தத்திலோ சிறுநீரிலோ இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நிகோடின் சூயிங்கம் போடுகிறவருக்கும் அதில் பாசிடிவ் வரும். அதனால் சூயிங்கம் முடித்த தேதியைக் குறித்துவையுங்கள், மருத்துவர் சீட்டையும் மெடிக்கல் பில்லையும் போட்டோ எடுத்து ஒரு ஃபோல்டரில் போடுங்கள், விண்ணப்பத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். மறைத்து எடுத்த பாலிசியில் பிறகு கிளெயிம் வரும்போது அலைவது வீட்டில் இருப்பவர்கள்.

ஏழாவது மாதம் நான் ஆப்பைத் திறப்பதை நிறுத்திவிட்டேன், தேவைப்படவில்லை. குரூப் மட்டும் இருக்கிறது, தம்பி அதில் இப்போது கிரிக்கெட் ஸ்கோர் போடுகிறான். ஆப்பை அழிக்கப் போகிறவர்கள் முதலில் உள்ளே போய் கணக்கையும் தகவல்களையும் நீக்கும் ஆப்ஷனைத் தேடி அழுத்துங்கள், பிறகு பிளே ஸ்டோரில் சந்தா ஏதும் ஓடுகிறதா என்று பாருங்கள், அதன் பிறகு அழியுங்கள். வரிசை மாறக்கூடாது.